சித்தப்பாவின் கையில் மூன்று பட்டைகள்

என் சித்தப்பாவின் இடது கையில் மூன்று துணிப்பட்டைகளைக் கட்டினார்கள். மேலே மஞ்சள், நடுவில் வெள்ளை, கீழே ஆரஞ்சு. மூன்று நாட்டுப் படைகள் கூடி நடத்திய பயிற்சி அது. கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து ஒரு கிராமத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் பாடம். சித்தப்பா அந்தக் கிராமத்தின் தலைவராக நடிக்க வேண்டும். நிஜத்தில் அவர் சுங்கை லாலாங் பக்கத் தோட்டமொன்றில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“ஒரு பட்ட போதாதா?” என்று கேட்டார்.

“தலைவருன்னா சும்மாவா?” என்றாள் சித்தி.

உண்மையான காரணம் வேறு. மூன்று படைகளிலும் பொதுமக்களுக்கு மூன்று வெவ்வேறு நிறம். எந்த நிறத்தை வைத்துக்கொள்வது என்று சுங்கைப் பட்டாணி ஹோட்டல் ஒன்றில் ஒரு காலை முழுவதும் பேசினார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், நட்பு நாடுகளுக்கே உரிய பெருந்தன்மையோடு, மூன்றையும் கட்டிவிடுவது என்று முடிவானது. கைதட்டல் கூட நடந்தது. அந்தக் கைதட்டலை நான் நேரில் கேட்டேன்.

எந்தெந்த நாடு என்று எழுதப்போவதில்லை. அந்த விளம்பரம் அவர்களுக்குத் தேவையில்லை. தொப்பியின் நிறத்தை வைத்துச் சொல்கிறேன்: பச்சைத் தொப்பி, பழுப்புத் தொப்பி, நீலத் தொப்பி.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது இப்படி. பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுகள் படித்தேன். கிளர்ச்சி எதிர்ப்புப் போரில் கூட்டணிப் படைகளின் ஒருங்கிணைப்பு என்பது என் இறுதி ஆண்டு ஆய்வேடு. அந்த வார்த்தைக் கூட்டத்தைச் சொல்லும்போதே எனக்கு அன்று உடம்பு சிலிர்க்கும். பட்டம் வாங்கி வந்து, பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டில் விண்ணப்பம் போடுவதும் மின்னஞ்சல் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கல்யாணப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அண்ணன் கூப்பிட்டார்.

“தங்கச்சி, நீ இந்த சோல்ஜர் படிப்புதானே படிச்சே? ஒரு வேல இருக்கு. கம்போங் ஆளுங்கள சப்ளை பண்ணணும்.”

“கிராமத்து ஆளுங்கள எப்படிண்ணே சப்ளை பண்றது?”

“நாற்காலி எப்படி சப்ளை பண்றோம், அப்படித்தான் லா. காலையில எறக்கணும், சாயங்காலம் ஏத்தணும். நடுவுல உடையாம பாத்துக்கணும்.”

பயிற்சிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் சித்தப்பா குடியிருக்கும் லயன் வீடுகள், தோட்டத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டியவை. அங்கே இப்போது நாலைந்து குடும்பங்கள்தான் இருக்கின்றன. மீதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கிராமம் என்று நம்பும்படி ஆள் வேண்டும் என்பதால், அந்தத் தோட்டத்தை விட்டு எப்போதோ பட்டணத்துக்குப் போய்விட்டவர்களை அண்ணன் பேருந்து வைத்துத் திரும்ப அழைத்துவந்தார், தோட்டத்து ஆட்களாக நடிக்க. நினைத்துப் பார்த்தால் இதற்கு ஈடான யோசனை அந்த மூன்று படைகளின் தலைமையகத்தில்கூடத் தோன்றியிருக்காது.

சித்தப்பாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தலைவர் என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கோயில் கமிட்டியில் துணைச் செயலாளராகக்கூட அவரை யாரும் முன்மொழிந்ததில்லை. பயிற்சிக்கு வாரம் ஒன்று இருக்கும்போதே ஜிப்பாவுக்குக் கஞ்சி போட்டு வைத்துவிட்டார்.

சித்திக்குத்தான் பயம். முன்பொரு தடவை, செம்பனை மட்டைக்குள் கூடு கட்டியிருந்த தெபுவான், அந்தப் பெரிய காட்டுக் குளவி, சித்தப்பாவை ஒரே ஒரு முறை கொட்டியது. முகம் ஊதி, தொண்டை அடைத்து, மூச்சு வாங்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை கொட்டினால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“பந்தல்காரருக்காக மீட்டிங்ல நீதானே போய் உக்கார்றே. ஆம்புலன்ஸ் உண்டான்னு கேளுடி,” என்றாள் சித்தி.

கேட்டேன். ஹோட்டலில் குளிரூட்டியால் அறையே ஐஸ் பெட்டியாக இருந்தது. மேசையின் நடுவில் மூன்று குட்டிக் கொடிகள். முதல் அரை மணி அந்தக் கொடிகளில் ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்ததைப் பற்றிப் போயிற்று. பிறகு என் கேள்வி. ஆம்புலன்ஸா, மூன்று இருக்கிறது, ஒவ்வொரு படைக்கும் ஒன்று என்றார்கள். கிராமத்து ஆளுக்கு ஏதாவது ஆனால் எந்த வண்டி வரும் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சூழ்நிலையைப் பொறுத்து ஒருங்கிணைத்து முடிவு செய்யப்படும் என்றார் தலைமை தாங்கிய கர்னல். பொதுமக்கள் பந்தல் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்றும் சேர்த்துக்கொண்டார். பந்தல் அண்ணனிடம் இருந்தது நாற்காலி ஏற்றும் லாரி.

இன்னொன்றும் கேட்டேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே ஆபத்து என்றால் கைப்பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும் என்பது பச்சைக்கும் நீலத்துக்கும் விதி. பட்டை இல்லாத ஆள் எவனும் எதிரி என்பது பழுப்புக்கு விதி. “அப்படியானால் பட்டையைக் கழற்றிய நோயாளியைப் பழுப்புத் தொப்பி பார்த்தால்?” என்றேன். மேசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நல்ல கேள்வி என்று கர்னல் பாராட்டினார். ஒருவர் எழுந்து வெள்ளைப் பலகையில் எழுதினார். பிறகு தேநீர் இடைவேளை. கறிபப் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது பலகையைத் துடைத்து ஹெலிகாப்டர் படம் வரைந்திருந்தார்கள். நிஜ ஆபத்து என்று மூன்று தரப்பும் உறுதி செய்தால் மட்டுமே பயிற்சி நிறுத்தப்படும் என்று, அதுவும் பரஸ்பர மரியாதை காரணமாக, ஒரு வரி மட்டும் தீர்மானத்தில் மிஞ்சியது.

சனிக்கிழமை காலை பேருந்து வந்து நின்றது. முதலில் இறங்கிய அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பின்னால் வந்த பையன்கள் காதில் பாட்டு. நீலத் தொப்பி அதிகாரி ஒருவர் தாடையைத் தடவியபடி பார்த்துவிட்டு அண்ணனிடம் ஏதோ முணுமுணுத்தார்.

“அக்கா,” என்றார் அண்ணன் தயங்கி, “சார் கேக்குறாரு, கொஞ்சம் ஏழையா தெரிய முடியுமான்னு.”

“வீட்டு லோன் இருக்கு, கார் லோன் இருக்கு, பையன் படிப்பு லோன் இருக்கு. இதுக்கு மேல எப்படி தம்பி ஏழையா தெரியறது?”

அண்ணன் அதை மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் வசனம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். யாரையாவது பிடித்துப்போனால் பெண்கள் அழுது, அவர் நல்லவர், ஒன்றும் செய்யாதவர் என்று கதற வேண்டும். சோல்ஜர்கள் வீட்டுக்குள் வந்து அரிசியைச் சோதிப்பார்கள், தடுக்கக் கூடாது. கதை புதிதாக யோசித்ததல்ல. கம்யூனிஸ்ட் காலம் என்று நம் வீடுகளில் சொல்லும் அந்தக் காலத்தில், காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, இதே மாதிரி லயன்களைச் சுற்றி முள்வேலி போட்டு அரிசியை அளந்து கொடுத்ததைத்தான் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். அன்றும் போலீஸ், பட்டாளம், தோட்டத்துக் காவல் என்று யார் யாருக்கு உத்தரவு போடுவது என்பதிலேயே நிறையக் காகிதம் செலவானதாகப் படித்திருக்கிறேன். ஆய்வேட்டில் அதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எல்லாம் பழைய கதை, இப்போது பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று முடிவுரையில் எழுதியிருந்தேன். அந்த வரிக்கு எனக்கு நல்ல மதிப்பெண் போட்ட பேராசிரியரை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அரிசி சோதிக்க முதலில் பச்சை வந்தது. பத்து நிமிடம் கழித்துப் பழுப்பு. அதன் பிறகு நீலம். மூன்று பேரும் அதே டின்னைத் திறந்து, அதே அரிசிக்குள் கை விட்டார்கள்.

“ஒருத்தன் பாத்தத இன்னொருத்தனுக்குச் சொல்ல மாட்டானுங்களா?” என்றாள் சித்தி. “போன் இல்லயா இவனுங்ககிட்ட?”

“ரேடியோ இருக்கு சித்தி. வேற வேற அலைவரிசை.”

“அப்ப எதுக்கு வாங்குனானுங்க?”

இதற்கு நடுவில் எதிரி எங்கே இருந்தான் என்றால், சித்தியின் பின்கட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரியாக நடிக்க வந்தவர்கள் வார விடுமுறையில் மட்டும் சீருடை போடும் உள்ளூர் ஆட்கள். மற்ற நாட்களில் ஒருவர் பள்ளி வாத்தியார், ஒருவர் தபால்காரர். அவர்கள் தலைவர் பெடோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் மலாய்க்காரர். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர் என்பதால் அரைகுறையாகத் தமிழ் பேசுவார். காலையிலேயே தேநீர் கேட்டுப் பின்வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

“அக்கா, தே ஓ கொஞ்சம் கெடைக்குமா?”

“யாருப்பா நீங்க?”

“நாங்கதான் எதிரி, அக்கா.”

“எதிரியா? சரி, பூட்ஸ வெளிய விட்டுட்டு வாங்க. இன்னிக்கு எங்க வீட்ல சைவம்.”

கிளர்ச்சிக்காரனுக்குச் சோறு போடும் கிராமத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாடுகள் விமானத்தில் வந்து இறங்கியிருந்தன. சோறு போட்டுக்கொண்டிருந்த அடுப்படிக்கு முன்னால் நின்று அரிசி டின்னைக் கிளறிவிட்டு, சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

முன்னால், அண்ணனின் கல்யாணப் பந்தலில், சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரோடு அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். யார் முதலில் பேசுவது என்று முடிவாகாததால் அவர் காத்திருந்தார். காத்திருப்பதிலும் ஒரு கம்பீரம் இருந்தது. மூன்று பட்டையையும் அடிக்கடி நீவிவிட்டுக்கொண்டார்.

ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தைக் காட்டத் திடலில் ஒரு புகைக்குண்டு போட வேண்டும். ஒன்றே ஒன்று. பச்சைத் தொப்பி போட்டது. தங்களுக்குச் செய்தி வரவில்லை என்று பழுப்பும் போட்டது. தாங்கள் விட்டுப்போய்விடக் கூடாது என்று நீலமும் போட்டது. மூன்று நிறப் புகையும் கலந்து, ஆகாயத்துக்குப் போகாமல், காற்றோடு நேராகப் பந்தலை ஒட்டிய செம்பனை மரங்களுக்குள் புகுந்தது. ஹெலிகாப்டர் வரவேயில்லை. எந்தப் புகை தனக்கானது என்று தெரியாமல் திரும்பிப்போனதாகப் பிறகு சொன்னார்கள்.

வந்தது தெபுவான். மட்டைக்குள் எங்கேயோ இருந்த கூடு புகையில் கலைந்து, தட்டான் அளவுக்கு ஒவ்வொன்றும் ரீங்கரித்துக்கொண்டு இறங்கின. எல்லோரும் ஓடினோம். சித்தப்பா எழுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார், தலைவர் ஓடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. பட்டை கட்டிய கையில் ஒன்று கொட்டியது. பிடரியில் இன்னொன்று.

அடுப்படி வாசலுக்கு வந்தபோதே உதடு தடித்திருந்தது.

“கொட்டிருச்சு,” என்றார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். திடலுக்கு அந்தப் பக்கம் மூன்று ஆம்புலன்சும் வரிசையாக, மெழுகு போட்டுத் துடைத்த மாதிரி நின்றன. நான் கையை ஆட்டினேன். மூன்று ஓட்டுநர்களும் என்னைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் தங்கள் அதிகாரியைப் பார்த்தார்கள்.

அதற்குள் நடுவர் ஒருவர் எதிரே வந்துவிட்டார். பயிற்சியில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று தீர்ப்பு சொல்பவர். சித்தப்பாவின் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். கண் இரண்டும் இடுங்கி, கன்னம் பளபளத்தது.

“மேக்கப் பிரமாதம்,” என்றார் ஆங்கிலத்தில். “யார் போட்டது?”

இது மேக்கப் இல்லை, குளவி கொட்டியது, நிஜம் என்றேன். புரிகிறது, அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தலையாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விதி ஞாபகம் வந்தது. பட்டையைக் கழற்ற வேண்டும். கை வீங்கிப் பட்டைகள் சதைக்குள் புதைந்திருந்தன. சித்தி உள்ளே ஓடி, காய்ந்த மிளகாய் வெட்டும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மூன்றையும் வெட்டி எறிந்தாள். அப்பாடா என்று நிமிர்ந்தால், வீட்டு மூலையிலிருந்து பழுப்புத் தொப்பிகள் நாலு பேர் வந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது கையில் பட்டை இல்லாத ஓர் ஆள்.

சித்தப்பாவைச் சித்தியின் கீரைப்பாத்தியில் மண்டியிட வைத்தார்கள். இரண்டு கையையும் தலையில் வைக்கச் சொன்னார்கள். வீங்கிய கை மேலே போகவில்லை. அதை ஒருவன் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, தூக்கி வைத்தான்.

சித்தி கதறினாள். “அவரு ஒண்ணும் செய்யல தம்பி, மூச்சு விட முடியல அவருக்கு.” பக்கத்திலிருந்த அக்காமார்களும் கதறினார்கள். கைதானவருக்காகப் பெண்கள் கதற வேண்டும் என்பது வசனம். நடுவர் தன் அட்டையில் அதற்கு ஒரு சரி போட்டார்.

“ப்ளீஸ், இவருக்கு மூச்சு அடைக்கிறது, நிஜமாகவே,” என்று நான் அந்தச் சிப்பாயிடம் சொன்னேன். இருபது வயது இருக்கும். நல்ல முகம். “மேடம், நீங்கள் அருமையாகச் செய்கிறீர்கள்,” என்றான். பிறகு சித்தப்பாவின் மூச்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வருவதைக் கேட்டு அவனுக்கே சந்தேகம் வந்தது. ரேடியோவில் கேட்டான். மற்ற இரு தரப்பும் உறுதி செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. பச்சை அதிகாரி ஓடிவந்து, எங்கள் தரப்பில் நிஜம் என்று உறுதி செய்கிறோம் என்றார். நீலத்தின் அதிகாரி ஹெலிகாப்டர் விவகாரத்தில் இருக்கிறார், கூப்பிட முடியாது என்றார்கள். நீலத்தின் மருத்துவச் சிப்பாய் மட்டும் பையோடு வந்து மண்டியிட்டான். கைதி எங்கள் பொறுப்பு, எங்கள் மருத்துவர் வரும்வரை தொடக் கூடாது என்று பழுப்பு சொன்னது. அவன் பையைத் திறந்து வைத்தபடி, ஊசி மருந்தைக் கையில் வைத்தபடி, அனுமதிக்காகக் காத்திருந்தான்.

இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. ஒவ்வொருவரும் நல்லவர், படித்தவர், அடுத்தவர் எல்லைக்குள் கால் வைக்காத பண்பாளர். அத்தனை பண்புக்கும் நடுவில் என் சித்தப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

பின்வாசலிலிருந்து பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். வாயில் இன்னும் இட்லி.

“அக்கா, இது நெஜமா?”

“நெஜம்டா தம்பி,” என்றாள் சித்தி.

அவருக்கு அந்த ஓர் உறுதிப்பாடு போதுமானதாக இருந்தது. இட்லியை விழுங்கிவிட்டு ஒரு விசில் அடித்தார். பின்கட்டிலிருந்து எதிரிகள் எல்லோரும், பாதிப் பேர் பூட்ஸ் இல்லாமல், துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். காலித் தோட்டா சத்தம் லயன் முழுக்க அதிர்ந்தது. கோழிகள் பறந்தன.

நடுவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்று காலையிலிருந்து அவருக்குத் தீர்ப்பு சொல்ல ஒன்றுமே நடக்கவில்லை. அட்டையைப் புரட்டினார், தூரத்தை அளந்தார், விரலை நீட்டினார். “பதுங்கித் தாக்குதல். நீ செத்துவிட்டாய். நீயும். நீயும். அங்கே நிற்பவரும்.” பழுப்புத் தொப்பிகள் நாலு பேரும் ஒழுங்காகக் கீரைப்பாத்தியில் படுத்தார்கள். பச்சை அதிகாரி வாசலில் படுத்தார். மருத்துவச் சிப்பாயும் செத்துப்போனான், ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஊசி மருந்தைப் பட்டறைக்காரரின் பக்கம் உருட்டிவிட்டான். அதை மட்டும் எழுதி வைக்க வேண்டும்.

செத்தவர்கள் ஆட்சேபிக்க முடியாது. எதிரிகள் சித்தப்பாவை வேட்டியோடு அள்ளித் தூக்கினார்கள். நானும் சித்தியும் பிணங்களைத் தாண்டிக்கொண்டு பின்னால் ஓடினோம்.

“தங்கச்சி,” என்று பந்தலுக்கு அடியிலிருந்து அண்ணன் கத்தினார், “ஆள எங்க கொண்டு போறாங்க? சாயங்காலம் கணக்கு பாக்கறப்ப ஒண்ணு கொறையும்.”

மட்டை போட்டு மூடி மறைத்து வைத்திருந்த எதிரியின் பிக்கப் வண்டி செம்பனைக்குள் தயாராக நின்றது. முன்கேட்டில் மூன்று படைகளின் சோதனைச் சாவடி. எதிரிக்கு முன்கேட்டில் வேலையில்லை என்பதால் குலை லாரி போகும் மண்பாதை வழியே போனோம். வாத்தியாராக இருந்த எதிரி அந்த ஊசியின் மேல் எழுதியிருந்ததை வாசித்துப் பார்த்து, சித்தப்பாவின் தொடையில் குத்தினார். தபால்காரர் தொப்பியால் விசிறினார். சித்தி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு ஒவ்வொன்றும் உள்ளே போகிறதா என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சாலையில் ஏறியதும் பட்டறைக்காரர் ஹார்னில் வைத்த கையை ஆஸ்பத்திரி வாசல் வரை எடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்துக் காவலாளி எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் கரி பூசிய ஆறேழு பேர், அதில் பாதி வெறுங்கால். உள்ளே கொண்டுபோய் இன்னும் மருந்து ஏற்றி, ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் தணிந்தது. டாக்டர் வெளியே வந்து, “இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்” என்று தொடங்கினார். சித்தி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மீதியைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. எதிரிகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்க யாரும் இன்னும் சரியா பசியாறலயே” என்றாள்.

மறுநாள் ஹோட்டலில் நிறைவுக் கூட்டம். பெரிய திரையில் படங்கள் ஓடின. சித்தப்பாவின் வீங்கிய முகம் சுவர் அளவுக்கு வந்தது. கிராமத் தலைவரை எதிரி கடத்திய சம்பவத்தில் கூட்டுப் படைகள் காட்டிய பொறுமையும் பரஸ்பர மதிப்பும் எதிர்காலப் பயிற்சிகளுக்கு முன்மாதிரி என்றார் கர்னல். கிராமத்துப் பெண்களின் நடிப்பைத் தனியாகப் பாராட்டினார்.

நான் எழுந்தேன். “அந்தத் தலைவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.”

“இப்போது எப்படி இருக்கிறார்?” என்றார் கர்னல்.

“உயிரோடு இருக்கிறார். எதிரி தூக்கிக்கொண்டு போனதால்.”

வருத்தம் தெரிவித்தார்கள். மூன்று தரப்பும் தனித்தனியாக, கொடி வரிசைப்படி. பிறகு வேலையில் இறங்கினார்கள். இப்படி இனி நடக்கக் கூடாது, நிஜ ஆபத்தைக் காட்ட ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நான்காவதாக ஒரு பட்டை கட்டலாம் என்று இன்னொருவர் சொன்னார். நான்காவது பட்டைக்கு என்ன நிறம் என்பதில் பேச்சு சூடு பிடித்தது. நான் தேநீர் இடைவேளைக்குக் காத்திருக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வாகன நிறுத்துமிடத்தில் பட்டறைக்காரர் பிக்கப்பில் சாய்ந்து நின்றார். அனுமதி இல்லாமல் பயிற்சி எல்லையைத் தாண்டியதற்காக அவருக்கு மட்டும் எழுத்து மூலம் கண்டனம்.

“நாங்க எதிரி லா, தங்காச்சி,” என்றார். “எதிரிக்கு மீட்டிங் கெடையாது. அதான் சீக்கிரம் போய்ட்டோம்.”

என் ஆய்வேட்டின் முடிவுரையை நான் திருத்தி எழுதவில்லை. அதை யாரும் படிக்கப்போவதில்லை என்பது ஒரு நிம்மதி. அந்த ஹோட்டலில் கேட்டதெல்லாம் அதைவிட மோசமான உரைநடை, அதைப் பல நாட்டு அதிகாரிகள் படிக்கப்போகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

சில மாதம் கழித்து, லயன் வீட்டில் நான் இருந்தபோது, பந்தல் அண்ணன் போன் செய்தார். இந்த வருடமும் பயிற்சி உண்டாம், இதே இடம்தானாம், மேலிடத்தில் அந்தத் தலைவரின் நடிப்பை ரொம்பப் பேசிக்கொண்டார்களாம், மறுபடி அவரே வருவாரா என்று கேட்கச் சொன்னார்களாம். நான் வாய்க்கு வந்தபடி பேசத் தொடங்கினேன். சித்தப்பா கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். அந்தக் கையில் பட்டை இறுக்கிய இடத்தில் தழும்பு இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

“தம்பி, தலைவர் வேலக்கி வேற ஆளப் பாத்துக்க,” என்றார். “எதிரி பக்கம் ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுச் சொல்லு. லாரி நல்லா ஓட்டுவேன்.”

“எத்தன பேருன்னும் கேளுங்க,” என்றாள் சித்தி அடுப்படியிலிருந்து. “இட்லிக்கு மாவாட்டணும்.”